உறங்க வேண்டியவர் பெயர்

அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் நான்கு ஆண்டுத் தூக்கத்துக்குக் கிளம்பிய அன்று காலையில், மிச்சமிருந்த தோசை மாவைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வந்து செண்பகவடிவின் கதவைத் தட்டினாள்.

"நாலு வருசத்துக்கு மாவு தாங்காது பாத்துக்கோ. நீயே ஊத்திச் சாப்பிட்டுரு. வீட்டுக்காரக முழிச்சாகன்னா, நான் கோவத்துல போகலன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"அண்ணாச்சி எப்ப முழிக்காக?"

"வார மாசி. நான் திரும்பி வாரப்போ அவுக மறுபடி உள்ள போயிருப்பாக. கலியாணமாகிப் பதினஞ்சு வருசம். சண்டை போடக்கூட நேரம் ஒத்து வரல."

சொல்லிவிட்டு, சந்தைக்குப் போகிறவள் போல நடந்து போனாள். நடைபாதையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழனைச் சுற்றிவரும் கலிஸ்டோவின் பனித்தரைக்கு அடியில் இருந்தது புதுத்துறைக் குடியிருப்பு. மொத்தம் நாலாயிரத்து நூறு பேர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளே அதில் பாதிக்கு மேல். பேச்சு அப்படியே இருந்தது, கடல்தான் இல்லை. ஒரே சமயத்தில் இரண்டாயிரத்து அறுநூறு பேர்தான் அங்கே விழித்திருக்கலாம். மற்ற ஆயிரத்து ஐந்நூறு பேரும் உறைகூடத்தில் குளிர்ந்து கிடப்பார்கள். இருக்கிற காற்று அவ்வளவு பேருக்குத்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

யார் விழித்திருப்பது, யார் உறங்குவது என்பதைத் தேவைமானி என்ற கணினி நிரல் முடிவு செய்தது. ஓராண்டில் ஒருவரை எத்தனை முறை அவசரமாகக் கூப்பிட்டார்கள், அவர் எத்தனை கோளாறுகளைச் சரிசெய்தார் என்று அது எண்ணும். எண்ணிக்கை குறைந்தவர்கள் உறைகூடத்துக்குப் போவார்கள். மனிதர் கையில் கொடுத்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பார்கள், இயந்திரத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது என்று புதுத்துறைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நிரலை அவர்களில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை.

செண்பகவடிவு ஒரு நிரலர். வயது முப்பத்தாறு. குடியிருப்பின் அறைகளுக்கெல்லாம் காற்றைப் பிரித்து அனுப்பும் நிரல் அவள் பொறுப்பு. ஆறு ஆண்டுகளுக்கு முன் அது அவள் கைக்கு வந்தபோது அதில் தொண்ணூறாயிரம் வரிகள் இருந்தன. பதினோரு பேர் எழுதியது. பதினோரு பேருக்கும் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது என்பது வாசித்தாலே தெரிந்தது. ஒருவர் அறையிலுள்ள ஆட்களை ஒன்றிலிருந்து எண்ணியிருந்தார். அடுத்தவர் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தார். மூன்றாமவர் எதற்கு வம்பு என்று அடுத்தவரின் தொடக்கத்தையும் முதலாமவரின் முடிவையும் எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் குடியிருப்பின் ஒவ்வோர் அறையிலும் இல்லாத ஓர் ஆள் பல ஆண்டுகளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மேதை அளவுகளுக்குத் தன் பிள்ளைகளின் பெயரை வைத்திருந்தார். 'பெரியவன் குறைந்தால் சின்னவளைத் திற' என்று ஒரு வரி. பெரியவன் என்பது காற்றழுத்தம், சின்னவள் என்பது மூன்றாம் வால்வு என்று கண்டுபிடிக்க வடிவுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இந்தக் குப்பையைக் கிளறக் கொடுத்திருந்த கருவிகளோ குப்பையைவிட மோசம். துணையன் என்று ஒன்று இருந்தது. எழுதும்போது கூடவே வந்து எழுதும். கேட்க வேண்டியதில்லை. "நீங்கள் 'வால்வு' என்று எழுதியுள்ளீர்கள். 'வாழ்வு' என்று திருத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும். தினமும் காலை பத்து மணிக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பத்தரைக்குத் திரும்பி வந்து, "வணக்கம், நான் உங்கள் துணையன். நீங்கள் யார்?" என்று கேட்கும். தரமானி என்று இன்னொன்று. நிரலை நிறுத்துப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். குடிநீர் நிரலுக்கு அது தொண்ணூற்று நான்கு போட்டிருந்தது. அந்த நிரல் மூன்று நாளைக்கு ஒருமுறை நின்றுபோகும். ஆனால் நீளம், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கம், எல்லாம் ஒழுங்கு. வடிவு நான்கரை ஆண்டு உழைத்து, தொண்ணூறாயிரம் வரியை ஆறாயிரமாகக் குறைத்தபோது தரமானி அறுபத்தொன்று போட்டது. 'உழைப்பு போதாது' என்று குறிப்பும் எழுதியது.

வடிவு சட்டை செய்யவில்லை. பதினான்கு மாதமாகக் காற்று ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுதான் மதிப்பெண்.

தேவைமானியும் ஒரு மதிப்பெண் போட்டது. ஆறுமுகத்தாய் போன மறுவாரம், காற்றுப் பிரிவின் ஆண்டுப் பட்டியல் வெளியானது. 'செண்பகவடிவு. காற்றுப் பிரிவு. அவசர அழைப்பு: இல்லை. சரிசெய்த கோளாறு: இல்லை. தேவை: பூஜ்யம். உறக்கம்: ஐந்து ஆண்டு. பதினைந்து நாளில் ஆஜராகவும்.'

அவள் கணவன் சூசைமிக்கேல் அதை இரண்டு முறை வாசித்தான். அவன் பம்பு மெக்கானிக். மூன்று ஆண்டு உறங்கி, எட்டு மாதத்துக்கு முன்தான் விழித்திருந்தான். கல்யாணத்தின்போது இருவருக்கும் ஒரே வயது. இப்போது அவன் அவளுக்கு மூன்று வயது இளையவன்.

"எட்டு மாசம்தான் ஆச்சு. போய்க் கேளு வடிவு. இது ஏதோ தப்பா வந்திருக்கு."

"தப்பா வரல. எண்ணத் தெரியாத ஒண்ணு ஒழுங்கா எண்ணியிருக்கு."

ஆனாலும் போனாள்.

விழிப்பு அலுவலர் கிரேஸ் பொன்னுத்தாய் மரியாதையானவர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"உங்க பிரிவுல வேலையே இல்லையேம்மா. பதினாலு மாசமா ஒரு கோளாறுகூட இல்ல."

"அதத்தான் மேடம் நானும் சொல்லுதேன். கோளாறே இல்லாம எழுதி வச்சிருக்கேன்."

"ரொம்ப சந்தோசம். அப்ப இனிமே உங்களுக்கு அங்க என்ன வேலை?"

வடிவு தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பொன்னுத்தாய் ஆறுதலாகச் சொன்னார்: "குடிநீர்ப் பிரிவு சங்கரபாண்டியப் பாருங்க. போன வருசம் மட்டும் நூத்திப் பதினெட்டு தடவ ஓடியாந்து சரி பண்ணியிருக்காரு. பாதிக் குளியல்ல சோப்போட நின்ன சனங்களக் கேளுங்க, அவரு அரும தெரியும். போன பொங்கலுக்குக் குடியிருப்பு மன்றமே எழுந்து நின்னு கைதட்டிச்சு."

"அது நிக்கிறதே அவரு எழுதினதாலதான் மேடம்."

"நின்னாலும் ஆளு வந்துருதாரே."

வெளியே வந்தபோது வடிவுக்குக் காது சுட்டது. சங்கரபாண்டியே எதிரே வந்தார். நாற்பத்துமூன்று வயது. முழு நரை. கழுத்தில் கருவிப்பை. எங்கே போனாலும் அவருக்கு ஒரு வணக்கம் விழும்.

"பட்டியல்ல பேரு பாத்தேன் தாயி. ஒரு யோசன சொல்லட்டா? வாரத்துக்கு ஒருக்கா, ஏதாச்சும் ஒரு நடைபாதையில பத்து நிமிசம் காத்த நிறுத்து. பள்ளிக்கூடம், ஆசுபத்திரி பக்கம் வேண்டாம். மன்றத்துக்காரங்க உக்காந்திருக்க எடமாப் பாத்து நிறுத்து. ரெண்டே மாசத்துல உன்னை விட்டா ஆளே கிடையாதும்பாங்க."

"அண்ணாச்சி, அந்தப் பொழப்புக்கு நான் உறைஞ்சே கெடப்பேன்."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பதினைந்து நாளில் மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் வடிவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். இல்லாத ஆட்களுக்கும் காலி அறைகளுக்கும் போய்க்கொண்டிருந்த காற்றை அவள் நிரல் நிறுத்தியிருந்தது. அப்படி மிச்சமான காற்று எவ்வளவு? பனிக்கட்டியைப் பிளந்து காற்றெடுக்கும் கூடத்தின் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தாள். நாலாயிரத்து முந்நூறு பேருக்குக் காற்று இருந்தது. பதினான்கு மாதமாகவே இருந்தது. மொத்தக் குடியிருப்பும் விழித்திருந்தாலும் இருநூறு பேருக்கு மிச்சம்.

அப்படியானால் இரண்டாயிரத்து அறுநூறு என்ற எண் எங்கிருந்து வருகிறது?

தேவைமானி நிரலைத் திறந்தாள். யாரும் தடுக்கவில்லை. மாற்றத்தான் மன்றத்து ஒப்புதல் வேண்டும், வாசிக்கப் பூட்டே கிடையாது. யாரும் திறக்காத ஒன்றுக்குப் பூட்டு எதற்கு? ஆயிரத்து இருநூறு வரிதான். அழகான நிரல். இத்தனை ஆண்டுகளில் வேறொருவர் எழுதியதை வாசித்து அவள் மனம் நிறைந்தது அதுவே முதல் முறை. நானூறாவது வரியில் அந்த எண் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சோதனைக்காகப் போட்ட எண். சரியான அளவை நாளைக்கு மாற்ற வேண்டும். உலகம்மாள்.'

தேதி இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தியது.

உலகம்மாள் யாரென்று குடியிருப்புப் பதிவேட்டில் தேடினாள். உறைகூடம், ஒன்றாம் வரிசை, ஒன்றாம் பெட்டி.

உறக்க விதிகளில் பதினேழாவது விதி என்று ஒன்று உண்டு. பட்டியலில் பெயர் வந்தவர் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு ஒரு சாட்சியை அழைக்கலாம், சாட்சி உறக்கத்தில் இருந்தால் எழுப்பவும் செய்யலாம். அந்த உரிமையை அதுவரை ஒருவரும் பயன்படுத்தியதில்லை. விதிகளை வாசித்துவிட்டேன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்ததால், வாசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. பொன்னுத்தாய் அந்த விதியை நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒப்பமிட்டார்.

மூன்று நாள் கழித்து உறைகூட மருத்துவ அறையில் உலகம்மாள் கண் விழித்தாள். இருபத்தேழு வயதுப் பெண். ஒல்லி. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு சூடான கஞ்சியை உறிஞ்சினாள். வடிவு எதிரே உட்கார்ந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். முதலில் அவள் தேதியை நம்பவில்லை.

"அஞ்சு வருசம்னுதான் சொன்னாங்க அக்கா."

"அஞ்சு வருசம் முடிஞ்சதும் மறுபடி எண்ணிப் பாத்திருக்கு. தூங்குத ஆள அவசரம்னு யார் கூப்பிடுவா? பூஜ்யம். மத்தவங்களப் பழைய எண்ணிக்கைய வச்சு எழுப்பிரும், உன் பழைய எண்ணிக்கையும் பூஜ்யம். இன்னொரு அஞ்சு வருசம். அப்படியே நாலு தடவ நீட்டியிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் வடிவுக்கு அது தன் கதையும்தான் என்பது உறைத்தது. ஐந்து ஆண்டு என்று போட்டிருப்பது ஐந்து ஆண்டு அல்ல.

உலகம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப ஒரு காத்து அமுக்கி எந்திரம் உடைஞ்சு போச்சு. அது சரியாகிற வரைக்கும் கொஞ்சப் பேரத் தூங்க வைக்கலாம்னு மன்றத்துல சொன்னாங்க. ஒரு வாரத்துல நிரல் வேணும்னாங்க. எத்தன பேருக்குக் காத்து இருக்குன்னு கேட்டேன். நாளைக்குச் சொல்லுதோம்னாங்க. அதுவரைக்கும் ஓட்டிப் பாக்க ஒரு எண் வேணும்லா? நிமிந்து பாத்தா வாசல்ல இருபத்தாறுன்னு இருந்துச்சு, என் வீட்டு நம்பரு. ரெண்டு பூஜ்யத்தச் சேத்துப் போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சாயங்காலம் ஓட்டிக் காட்டினேன். மறுநா காலையில அதையே பட்டியல்னு ஒட்டிட்டாங்க. முதல் பேரு என் பேரு. என் நிரல்கள்ல பிழையே வந்ததில்ல. அது சோதன எண்ணுன்னு கத்தினேன். உன் நிரல் சொன்னத நீயே மறுக்கியான்னு கேட்டாங்க."

கதவருகே யாரோ செருமினார்கள். சங்கரபாண்டி நின்றிருந்தார். கருவிப்பை இல்லாமல் அவரை வடிவு பார்த்தது அதுவே முதல் தடவை.

உலகம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏல, பாண்டியா? என்னல இப்படி நரைச்சுப் போன?"

"ஆமாக்கா" என்றார் அவர். நாற்பத்துமூன்று வயது மனிதர் இருபத்தேழு வயதுப் பெண்ணை அக்கா என்று அழைத்ததில் அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளிடம்தான் அவர் வேலை பழகியிருந்தார். "அன்னைக்கு ஒங்கள உள்ள கொண்டு போனப்ப நான் இந்த வாசல்லதான் நின்னேன். புதுத்துறையிலேயே நல்லா எழுதுத ஆளு நீங்க. நீங்கதான் முதல்ல போனீங்க. அன்னைக்கே முடிவு பண்ணினேன், செத்தாலும் இனி நல்லா எழுதக்கூடாதுன்னு."

"எங்கம்மா எங்கல?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒம்பது வருசமாச்சுக்கா. கடைசி வரைக்கும் மாசத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டாக. கூடமாட நான்தான் எழுதிக் குடுத்தேன்."

உலகம்மாள் அழவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "மன்றம் எப்பக் கூடும்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கூடியது. ஒன்பது உறுப்பினர்கள். வடிவு காற்றுக் கணக்கைத் திரையில் காட்டினாள். உலகம்மாள் நானூறாவது வரியைக் காட்டி, அது தன் வீட்டு எண் என்று சொன்னாள். ஒன்பது பேரும் கவனமாகக் கேட்டார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சார்பில் பொன்னுத்தாய் எழுந்தார்.

"நீங்க சொல்லுதது சரியாக்கூட இருக்கலாம். ஆனா இந்த நிரல் இருபத்திரண்டு வருசமா நிக்காம ஓடுது. ஒரு புகார் கிடையாது. ஓடுத நிரலத் தொடக்கூடாதுங்கது இங்க உள்ள வழக்கம்."

"புகார் சொல்ல வேண்டிய ஆயிரத்து ஐந்நூறு பேரும் உள்ள உறைஞ்சு கெடக்காங்க மேடம்" என்றாள் உலகம்மாள்.

"அவங்க முழிச்சதும் எழுதிக் குடுக்கட்டும். பரிசீலிப்போம்." கூட்டம் கலைந்தது. சாட்சிக்கு மூன்று நாள் விழிப்பு அனுமதி என்றும், அதன் பிறகு இருவரும் ஒன்றாகவே ஆஜராகலாம் என்றும் தீர்மானத்தில் எழுதினார்கள். இரண்டு தடவை வேலை செய்ய வேண்டாமே.

வடிவு உலகம்மாளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். சூசைமிக்கேல் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, வடிவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவள் கையை விடவில்லை. வேறு ஒன்றும் தோன்றாததால் உலகம்மாள் தன் பழைய கணக்குக்குள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். வடிவின் திரையில் தன் பெயரைச் சொன்னாள். உடனே துணையன் துள்ளிக்கொண்டு வந்தது.

"வணக்கம், உலகம்மாள்! உங்களுக்கு எட்டாயிரத்து முப்பத்தாறு நினைவூட்டல்கள் உள்ளன. எல்லாம் ஒரே பணியைப் பற்றியவை. 'சோதனை எண்ணை மாற்றுதல்.' நிலை: முடிக்கப்படவில்லை. நாளைக்குத் தள்ளிவைக்கவா?"

அந்த மடையன் உறைந்து கிடந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு ஆண்டு தினமும் தவறாமல் நினைவூட்டியிருந்தது. பதில் வராததால் தினமும் தானே மறுநாளைக்குத் தள்ளியும் வைத்திருந்தது. வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பணி முடியலன்னா, அந்த வரிய மாத்துத உரிமை இன்னும் உன் பேருலதான் இருக்கு. மன்றத்து ஒப்புதல் வேண்டாம். அவங்க ஒப்புதல் குடுத்த பணிதான் இது."

உலகம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எண்ணை அழித்தாள். நாலாயிரத்து நூறு என்று போட்டாள். 'பணி முடிந்தது' என்ற இடத்தைத் தொட்டாள்.

"வாழ்த்துகள்!" என்றது துணையன். "இந்தப் பணி சற்றுத் தாமதமாக முடிக்கப்பட்டது."

நண்பகலில் உறைகூடத்தின் பெட்டிகள் வரிசையாகச் சூடேறத் தொடங்கின. மன்றத்தினர் ஓடி வந்தார்கள். தேவைமானி புதிய பட்டியலை ஒட்டியிருந்தது. உறங்க வேண்டியவர்கள்: யாரும் இல்லை. எண்ணைப் பழையபடி மாற்றச் சொல்லி ஒருவர் கத்தினார். எப்படி மாற்றுவது என்று ஒன்பது பேருக்கும் தெரியவில்லை. நிரல் தெரிந்த மூவரையும் கேட்டார்கள்.

"ஓடுத நிரல எப்படிங்க தொடுதது?" என்றார் சங்கரபாண்டி பணிவாக.

முதல் வாரம் புதுத்துறையில் வேலையே நடக்கவில்லை. நடைபாதைகளில் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆறுமுகத்தாய் பத்தொன்பது நாள் தூக்கத்தோடு திரும்பி வந்தாள். அவள் கணவரும் விழித்திருந்தார். பக்கத்து வீட்டில் சண்டை மூன்று நாள் கேட்டது. வடிவு படுத்தபடியே அதைக் கேட்டுச் சிரித்தாள். சூசைமிக்கேல் அவளை இனி எட்டு மாதம், மூன்று வருடம் என்று எண்ண வேண்டியதில்லை என்பதை இன்னும் நம்பாமல், அவள் தூங்கும்போது அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இரண்டாம் வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசை நீண்டது. மூன்றாம் வாரம் குளியலறைக்கு முறை வைத்தார்கள். காற்று தாராளமாக இருந்தது. தண்ணீரும் உணவும்கூடப் போதிய அளவு இருந்தன. காத்திருக்கும் பொறுமைதான் இல்லை. நான்காம் வாரம் முதல் மனு வந்தது. அதற்கென்று யாரும் படிவம் தயாரிக்கவில்லை. பழைய உறக்கப் படிவத்தையே எடுத்து நிரப்பியிருந்தார்கள்.

ஒரே மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது மனுக்கள் சேர்ந்தன. எல்லாம் குடியிருப்பின் நன்மைக்காகச் சிலரை மீண்டும் உறங்க வைக்கக் கோரியவை. 'உறங்க வேண்டியவர் பெயர்' என்ற இடத்தில் ஒருத்தி மாமியார் பெயரை எழுதியிருந்தாள். மாமியார் மருமகள் பெயரை எழுதியிருந்தாள். ஒருவர், குறட்டை விடுகிறார் என்று மேல்வீட்டுக்காரரைக் குறிப்பிட்டிருந்தார். பதினொரு ஆண்டு உறங்கி, போன மாதம் எழுந்த ஒருவர், தனக்கு அடுத்த நாள் எழுந்தவர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பக் கோரியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேரில் ஒருவர்கூட அந்த இடத்தில் தன் பெயரை எழுதவில்லை.

பொன்னுத்தாய் வடிவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சனங்க விருப்பப்படுதத நாம மறுக்க முடியாதும்மா. யார் பேர அதிகம் பேரு எழுதியிருக்காங்கன்னு எண்ணி, வரிசைப்படுத்தி, பட்டியல் போடுத மாதிரி ஒரு நிரல் வேணும். உங்கள மாதிரி சுத்தமா எழுதுத ஆளு இல்லன்னு இப்பத்தான் மன்றத்துக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு வாரத்துல முடியுமா?"

வடிவு மனுக்கட்டை வாங்கிப் புரட்டினாள். அவள் பெயர் நாற்பத்தொரு மனுக்களில் இருந்தது. 'இவர் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை' என்று ஒன்றில் எழுதியிருந்தது. கையெழுத்து அவளுக்குத் தெரிந்த கையெழுத்துதான். தோசை மாவு கொடுத்த கை.

நாற்பது வரி எழுதினால் போதும். நண்பகலுக்குள் முடிந்துவிடும். மாலைக்குள் பட்டியல் ஒட்டிவிடலாம்.

"ஒரு வாரம் காணாது மேடம். ஆறு மாசம் ஆகும்" என்றாள்.

நேரே குடிநீர்ப் பிரிவுக்குப் போனாள். சங்கரபாண்டி குழாய் மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மோசமா எழுதுறது எப்படி?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கையில் இருந்த மனுக்கட்டைப் பார்த்தார். முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கினார். "அது ஒரே நாள்ல வந்துராது தாயி. நல்லா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் கஷ்டம். கை திருத்திக்கிட்டே இருக்கும். அக்காவையும் கூட்டிட்டு வா."

மூவரும் ஆறு மாதம் உழைத்தார்கள். வடிவு தன் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. ஒரு மனுவைப் பதினெட்டுத் துண்டாக்கி, வெவ்வேறு இடத்தில் வைத்து, சேர்க்கும்போது ஒன்று தொலைகிற மாதிரி எழுதினாள். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதினால் மூன்று ஆளாக எண்ணும். மூன்று ஆளும் ஒரே வீட்டில் இருந்தால் சந்தேகப்பட்டு நின்றுவிடும். உலகம்மாள் ஒரு சுழலை எழுதினாள். அது மனுவைச் சரிபார்க்க அனுப்பும், சரிபார்த்ததைச் சரிபார்க்கத் திருப்பி அனுப்பும். சங்கரபாண்டி எழுதிய பகுதியைப் படித்து மற்ற இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது என்ன செய்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. முப்பத்தெட்டாயிரம் வரி. எங்கே கையை வைத்தாலும் வேறு எங்கோ உடையும்.

தொடக்க விழாவுக்குக் கூட்டம் கூடியது. பொன்னுத்தாய் முதல் மனுவை இட்டார். நிரல் நன்றாக ஓடியது. பதினேழாவது மனுவில் நின்றது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று திரையில் வந்தது. கூட்டம் சலசலத்தது. வடிவு கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். நாற்பது நிமிடம் வியர்க்க வியர்க்கப் போராடி அதை மறுபடி ஓட வைத்தாள். இருபத்து மூன்றாவது மனு வரை ஓடியது.

ஓராண்டு ஆகிவிட்டது. இதுவரை ஒரு மனுவும் முடிவுக்கு வரவில்லை. ஒருவரும் உறங்கப் போகவில்லை. புது மனுக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தாயிற்று, நடவடிக்கை நடக்கிறது என்ற திருப்தியில் எல்லோரும் வரிசையில் நின்று, தாங்கள் பெயர் எழுதிக் கொடுத்த ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நிரல் வாரத்துக்கு மூன்று முறை நிற்கிறது. வடிவு மூன்று முறையும் ஓடுகிறாள்.

போன பொங்கலன்று மன்றம் அவளை மேடைக்கு அழைத்தது. நாலாயிரத்து நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஆறுமுகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா இந்த நிரல் என்ன ஆகும் பிள்ள!" என்றாள்.

வடிவு கைகூப்பினாள். புதன்கிழமை எந்த வரியில் நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினாள்.